பட்டியலில் நாய், கூண்டில் எஜமான்

23 வகை நாய்கள் ஆபத்தானவை என்றது அரசு. அந்த உத்தரவை ரத்து செய்தது கோர்ட். ஆனால் பிட்புல்லும் ராட்வீலரும் வளர்க்கும் புனேவாசிகள் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. சட்டம் கண் வைத்திருப்பது நாயின் மீதல்ல, சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் மீது.

2024 மார்ச் 12ஆம் தேதி டெல்லியிலிருந்து எல்லா மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் ஒரு கடிதம் போனது. அனுப்பியது மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை. பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்ஸோ என்று 23 வகை நாய்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட அந்தக் கடிதம், இவற்றை வளர்க்க உள்ளாட்சி அமைப்புகள் இனி உரிமம் தரக்கூடாது, இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை அனைத்தையும் நிறுத்த வேண்டும் என்றது. ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். கலப்பினங்களுக்கும் அதே கதிதான்.

புனே போன்ற ஊரில் இது வெறும் அரசாங்கக் காகிதமல்ல. ராணுவ முகாமைச் சுற்றி வளர்ந்த நகரம் அது. நாய் வளர்ப்பும் நாய்க் கண்காட்சியும் அங்கே பழைய பழக்கங்கள். மாநிலக் காவல்துறையின் மோப்ப நாய்கள் பயிற்சி பெறுவதும் புனேயில்தான். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு பங்களா நாய்கள் பத்தாவது மாடிக்குக் குடியேறின. கராடியிலும் வாகடிலும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குள் ஐம்பது கிலோ ராட்வீலர் வளர்வது இன்று யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை. லிஃப்டில் அதனுடன் சேர்ந்து போக நேரும் பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர.

கடிதம் வந்ததும் இத்தகைய நாய் வைத்திருப்பவர்களுக்கு எழுந்த கேள்விகள் நான்கு. நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? கருத்தடை கட்டாயமா? ஹவுசிங் சொசைட்டி நாயை வெளியேற்ற முடியுமா? நாய் யாரையாவது கடித்துவிட்டால் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? முதல் மூன்று கேள்விகளுக்கும் இல்லை என்று சொல்லிவிடலாம். நான்காவது கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. நாய் பட்டியலில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

குழப்பமான பட்டியல்

மத்திய அரசு திடீரென்று விழித்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. 2022 ஜூலையில் லக்னோவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை, வயது 82, அவர் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் கடித்துக் குதறிக் கொன்றது. அந்த ஆண்டே கான்பூரும் காஜியாபாத்தும் சில இனங்களுக்குத் தடை போட்டன. டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. இது பற்றிய மனுவை மூன்று மாதத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி 2023 டிசம்பரில் நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. அரசு ஒரு நிபுணர் குழுவைக் கூட்டியது. குழு தந்த பட்டியல்தான் கடிதத்தில் இடம்பெற்றது.

பட்டியல் தயாரித்தவர்கள் அவசரத்தில் இருந்தார்கள் என்பது படித்தாலே தெரிகிறது. ஜப்பானின் டோசா நாய் இரண்டு இடங்களில் வெவ்வேறு பெயரில் வருகிறது. ஓரிடத்தில் வெறுமனே ‘டெரியர்கள்’ என்றிருக்கிறது. உலகில் டெரியர் என்ற பெயரில் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் நாயும் உண்டு, கொம்பன் நாயும் உண்டு. ‘மாஸ்டிஃப்’ விஷயத்திலும் இதே கதை. துருக்கியின் கங்கல், பால்கன் நாடுகளின் ஷார்பிளானினாக் போன்ற ஆட்டுக்கிடைக் காவல் நாய்களும் சேர்க்கப்பட்டுள்ளன. இந்தியாவில் இவற்றைப் பார்த்தவர்களே அபூர்வம். தமிழ்நாட்டின் கோம்பை, ராஜபாளையம் நாய்கள் பட்டியலில் இல்லை. காவல் காப்பதில் அவையும் சளைத்தவை அல்ல.

கோர்ட்டுகள் சும்மா இருக்கவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் கடிதத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. மும்பை உயர் நீதிமன்றத்துக்கும் மனு போனது. 2024 ஏப்ரல் 10ஆம் தேதி கர்நாடக நீதிபதி எம். நாகபிரசன்னா கடிதத்தையே ரத்து செய்தார். பாதிக்கப்படுவோரைக் கலந்து பேசாமல், சட்டம் சொல்லும் வழிமுறையைப் பின்பற்றாமல், ஒரு சுற்றறிக்கை மூலம் தடை போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். முறைப்படி எல்லோரையும் கேட்டுவிட்டுப் புதிதாக முடிவெடுக்கலாம் என்று அரசுக்கு வழியும் விட்டுவைத்தார்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் ஒரே நாளில் அரங்கேறியது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர்கள் குதறின. மாநில அரசு 23 இனங்களுக்கும் தடை என்று அறிவித்து, நீதிமன்ற உத்தரவுகள் நினைவுக்கு வந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அத்தோடு விஷயம் முடியவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் கிடையாது என்று தீர்மானம் போட்டது. மீறினால் ஒரு லட்ச ரூபாய் அபராதம். அதே ஆண்டு சண்டிகர் மாநகராட்சி ஆறு இனங்களைத் தடை செய்தது.

ஆக, நாடு முழுவதற்கும் பொதுவான தடை நிலைக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் விதி வேறு. சென்னையில் வளர்த்த ராட்வீலருடன் புனேக்கு மாற்றலாகிப் போகும் தமிழ்க் குடும்பமும் சரி, புனேயிலிருந்து பிட்புல்லுடன் சென்னை திரும்பும் குடும்பமும் சரி, ரயிலில் நாய்க்கு இடம் பிடிப்பதற்கு முன் போகிற ஊரின் விதியை விசாரித்தாக வேண்டும். ஓர் ஊரின் உரிமம் இன்னோர் ஊரில் செல்லாது.

புனேயில் என்ன நிலை?

புனேக்குள்ளேயே நிர்வாகங்கள் பல. புனே மாநகராட்சி, பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி, புனே, கட்கி, தேஹு ரோடு கன்டோன்மென்ட் போர்டுகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் கட்கியிலும் தேஹு ரோடிலும் கன்டோன்மென்ட் எல்லை எங்கே முடிகிறது, மாநகராட்சி எங்கே தொடங்குகிறது என்பது குடியிருப்பவர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை. சொத்து வரி ரசீதில் எந்த நிர்வாகத்தின் பெயர் இருக்கிறதோ, நாய்க்கும் அங்கேதான் உரிமம் வாங்க வேண்டும்.

மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் வேண்டும் என்பது மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டத்தின்படி பழைய விதி. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2022இல் புனே மாநகராட்சி பூனைகளுக்கும் உரிமம் வேண்டும் என்று சொன்னபோது நகரமே சிரித்தது. சிரித்தவர்களில் பலர் தங்கள் நாய்க்கே உரிமம் எடுத்திருக்கவில்லை. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, இருப்பிடச் சான்று, நாயின் புகைப்படம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். குட்டி வாங்கக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் உரிமக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல.

பட்டியலில் இருக்கும் நாய் என்று எழுதினால் வம்பு வருமோ என்று பயந்து, பிட்புல்லை ‘கலப்பு லாப்ரடார்’ என்று பதிவு செய்பவர்கள் உண்டு. இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. ஒரு நாள் அந்த நாய் கடித்துவிட்டால், இனத்தை மறைத்ததே உரிமையாளருக்கு எதிரான முதல் சாட்சியமாகிவிடும். நாயின் சுபாவம் தெரிந்துதான் மறைத்தார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னால் பதில் சொல்வது கடினம்.

ஹவுசிங் சொசைட்டி விஷயத்தில் சட்டம் பெரும்பாலும் நாய் வளர்ப்பவர் பக்கம் நிற்கிறது. இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் வாக்களித்தாலும் சொசைட்டி வளர்ப்பு நாய்களைத் தடை செய்ய முடியாது. லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செல்லப் பிராணிகளைத் தடுக்கும் விதி செல்லாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆனால் லிஃப்டில் போகும் உரிமை வேறு, லிஃப்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை நிற்கும்போது உள்ளே நுழையும் பிடிவாதம் வேறு. மும்பையில் ஒருவர் இந்த வித்தியாசத்தைச் சிறைத் தண்டனை மூலம் தெரிந்துகொண்டார்.

இனம் கேட்காத சட்டம்

2018இல் மும்பை ஒர்லியில் நடந்தது அது. ஒரு தந்தை, அவருடைய ஒன்றரை வயது மகன், வீட்டுப் பணியாளர் ஆகியோர் லிஃப்டில் இருந்தார்கள். குழந்தை நாய்க்குப் பயப்படும், சற்றுப் பொறுங்கள் என்று கேட்டும் கேளாமல் ஒருவர் தன் நாயை உள்ளே இழுத்து வந்தார். நாய் அந்தத் தந்தையின் கையைக் கடித்தது. 2025 மே மாதம் மாஜிஸ்திரேட் கோர்ட் நாயின் உரிமையாளருக்கு நான்கு மாதக் கடுங்காவல் விதித்தது. அந்த நாய் பிட்புல்லும் அல்ல, ராட்வீலரும் அல்ல. 23 இனப் பட்டியலில் இல்லாத ஹஸ்கி.

இன்னொரு வழக்கு 2010இல் தொடங்கியது. மும்பை நேப்பியன் ஸீ ரோடில் இருவருக்கு வாக்குவாதம். ஒருவரின் ராட்வீலர் காருக்குள் இருந்தது. கதவைத் திறக்காதீர்கள் என்று மற்றவர் கேட்டுக்கொண்டார். கதவு திறந்தது. 72 வயதுக்காரர் கடிபட்டார். பதின்மூன்று ஆண்டு கழித்து, 2023 ஜனவரியில், நாயின் சொந்தக்காரருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வழக்கு முடிவதற்குள் நாயின் ஆயுளே முடிந்திருக்கும். எஜமானின் பொறுப்பு முடியவில்லை.

2025 ஜூலையில் மும்பை மான்கூர்டில் ஆட்டோவுக்குள் இருந்த 11 வயதுச் சிறுவன் மீது பிட்புல்லை விட்டு வேடிக்கை பார்த்ததாக ஒருவர் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. வீடியோ நாடெங்கும் பரவியது. பார்த்தவர்களை அதிகம் கோபப்படுத்தியது நாய் அல்ல, சிரித்த மனிதர்.

இந்த வழக்குகளுக்கெல்லாம் அடிப்படையான சட்டத்துக்கு வயது 160க்கு மேல். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ படுகாயமோ நேராதபடி போதிய கவனம் எடுக்காதவரைக் குற்றவாளி என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 291ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் ஒருவருக்குப் படுகாயம் ஏற்பட்டால் 125ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். உயிரே போனால் 106ஆம் பிரிவு. அதில் ஐந்தாண்டு வரை. இவை போக, கடிபட்டவர் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம்.

எந்தப் பிரிவிலும் நாயின் இனம் குறிப்பிடப்படவில்லை. ஆனால் இனம் வேறு வழியில் உள்ளே வருகிறது. போதிய கவனம் என்பது நாய்க்கு நாய் மாறும். பொமரேனியனுக்குப் போதுமான கவனம் பிட்புல்லுக்குப் போதாது. அரசே ஆபத்தானது என்று ஒருமுறை பட்டியலிட்ட நாயை வாய்க்கவசம் இல்லாமல் பூங்காவுக்குக் கூட்டிப்போனவர், எனக்குத் தெரியாது என்று கோர்ட்டில் சொன்னால் நம்புவது யார்? பட்டியல் ரத்தாகிவிட்டது. பட்டியல் தந்த எச்சரிக்கை ரத்தாகவில்லை.

பிறவியா, வளர்ப்பா?

நாய்ப் பிரியர்கள் இரண்டு கட்சி. கெட்ட நாய் என்று ஒன்று இல்லை, கெட்ட எஜமான்தான் உண்டு என்பது ஒரு கட்சி. இந்த இனங்களின் ரத்தத்திலேயே கொலைவெறி இருக்கிறது என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

பிட்புல்லின் முன்னோர்கள் இங்கிலாந்தில் காளையைக் கடித்துத் தொங்க வளர்க்கப்பட்டவை. 1835இல் அந்த விளையாட்டு தடை செய்யப்பட்டதும் நாய்ச் சண்டைக்குத் திருப்பப்பட்டன. ராட்வீலர் ஜெர்மனியின் ராட்வைல் நகரில் மாடு ஓட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலீஸ் வேலைக்கு வந்தது. டோகோ அர்ஜென்டினோ காட்டுப்பன்றி வேட்டைக்கு உருவாக்கப்பட்டது. பல தலைமுறை பொறுக்கி எடுத்த குணம் ஒரேயடியாக மறைந்துவிடாது. அதே சமயம், 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைக் கொண்டு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஒரு தனி நாயின் நடத்தையில் இனத்தின் பங்கு ஒன்பது சதவீதம் அளவுக்குத்தான் என்றது. இனத்தை மட்டும் பார்த்து ஒரு நாயை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் இந்த நாய்களுக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்? கடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. கடித்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. சிறிய நாய் கடித்தால் தையல் போடலாம். ஐம்பது கிலோ எடையும் விடாப்பிடியான தாடையும் உள்ள நாய் ஒரு தடவை தவறினாலும் போதும், அந்தத் தவறைத் திருத்த வாய்ப்புக் கிடைக்காது.

இனத்தைத் தடை செய்து பார்த்த நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. பிரிட்டன் 1991இல் நான்கு வகை நாய்களைத் தடை செய்தது. முப்பதாண்டு கழித்து எக்ஸ்எல் புல்லி என்ற புதிய வகை வந்தது. 2023 இறுதியில் அதையும் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு வாய்க்கவசம், கருத்தடை, அடையாளச் சில்லு, பிறருக்கு நேரும் காயத்துக்கான காப்பீடு ஆகிய நிபந்தனைகளுடன் விலக்கு தரப்பட்டது. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லுக்குத் தடை போட்டது. கடிகள் குறையவில்லை என்று 2008இல் தடையை விலக்கிக்கொண்டது. இத்தாலி 2003இல் 92 இனங்களைப் பட்டியலிட்டு 2009இல் கைவிட்டது. கனடாவின் கால்கரி நகரம் இனத்தைப் பார்க்காமல் உரிமம், அபராதம், பயிற்சி என்று உரிமையாளரைப் பிடித்தது. அந்த வழியைத்தான் இன்று பலரும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள்.

பயிற்சி தொடங்கும் வயது

பெரும்பாலானவர்கள் பயிற்சியாளரைத் தேடி ஓடுவது நாய் முதல் தடவை பல்லைக் காட்டிய பிறகு. அது தாமதம். குட்டியின் மனம் உலகத்தை ஏற்றுக்கொள்ளத் திறந்திருப்பது பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான். இந்த நாட்களில் குழந்தை, முதியவர், ஹெல்மெட் போட்டவர், பால்காரர், வாட்ச்மேன், சக்கர நாற்காலி, பிரஷர் குக்கர் விசில் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்துப் பழகிய குட்டிக்குப் பின்னாளில் எதைக் கண்டும் மிரட்சி வராது. தடுப்பூசி முடியவில்லை என்று நான்கு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைப்பது தவறு. தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

புனேக்கென்று ஒரு தனிப் பாடம் உண்டு. விநாயகர் சதுர்த்திக்குப் பல வாரங்களுக்கு முன்பே முத்தா நதிக்கரையில் டோல் தாஷா குழுக்களின் ஒத்திகை தொடங்கிவிடும். அந்த முழக்கத்துக்கு மிரண்ட பெரிய நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும், அல்லது கையில் அகப்பட்டவரைக் கடிக்கும். ஒலிப்பதிவை மெல்லிய சத்தத்தில் போட்டு, கூடவே தீனி தந்து, நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டிப் பழக்க வேண்டும். விழா நாட்களில் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துவதே நல்லது. தீபாவளிக்கும் இதே மருந்துதான்.

வாய்க்கவசம் இன்னும் பலருக்கு அவமானச் சின்னமாகத் தோன்றுகிறது. நாய் பொல்லாதது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று தயங்குகிறார்கள். உண்மையில் அதுதான் எஜமானின் மிகச் சிறந்த பாதுகாப்பு. ஆனால் வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை கூடாது. நாய் வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. புனேயின் ஏப்ரல் வெயிலில் வாயைக் கட்டினால் நாய் சுருண்டு விழும். கூடை வடிவக் கவசம்தான் சரி. அதற்குள் நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். முதல் நாளே மாட்டிவிடக்கூடாது. கூடைக்குள் தீனி வைத்து மூக்கை நுழைக்கப் பழக்கி, ஒரு வாரம் கழித்து ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று போக வேண்டும்.

தள்ளத் தள்ள நீளும் வார் இந்த நாய்களுக்கு ஆகாது. ஆறடிக்கு மேற்படாத உறுதியான வார் வேண்டும். வேதாள் டேக்டியிலும் தளஜாய் குன்றிலும் காலை நடைக்கு வருபவர்களில் பலர் மேலே ஏறியதும் வாரை அவிழ்த்துவிடுகிறார்கள். என் நாய் ஒன்றும் செய்யாது என்பது அவர்கள் வாக்கு. எதிரே வருகிறவரின் நாய் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது.

உறுமுவதற்கு நாயை அடிக்கவே கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. அடித்து அதை நிறுத்தினால் கோபம் போய்விடாது, மணி மட்டும் நின்றுவிடும். அடுத்த முறை அந்த நாய் எச்சரிக்காமலே கடிக்கும். உடல் விறைப்பது, பார்வை நிலைகுத்துவது, கண்ணின் வெண்மை தெரிய ஓரமாகப் பார்ப்பது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது இவையெல்லாம் உறுமலுக்கும் முந்திய அறிகுறிகள். கண்டதும் நாயை அங்கிருந்து விலக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டையும் எலும்பையும் பிடுங்கக் கூடாது. அதைவிட ருசியான ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளப் பழக்க வேண்டும். குழந்தையையும் நாயையும் ஓர் அறையில் தனியே விடக்கூடாது. நாயோடு கூடவே வளர்ந்த குழந்தைக்கும் இந்த விதியில் விலக்கு இல்லை.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். இந்தத் தொழிலுக்குப் பெயர்ப்பலகை மாட்ட எந்தப் படிப்பும் கட்டாயமில்லை. அடி, முள் வளையம், மின் அதிர்ச்சிப் பட்டை என்று பேசுபவரிடம் இத்தகைய நாயை ஒப்படைப்பது வெடிமருந்துக்குப் பக்கத்தில் நெருப்பு வைப்பதற்குச் சமம். காவலுக்காகக் கடிக்கப் பழக்கித் தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிட வேண்டும். கடிக்கக் கற்ற நாய்க்குத் திருடனையும் தபால்காரரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எஜமான் கண் முன்னால், வீட்டார் அனைவரையும் சேர்த்துக்கொண்டு, பரிசு தந்து பழக்குபவரே சரியான பயிற்சியாளர்.

கருத்தடை பலனுள்ளதுதான். துணை தேடி ஓடுவது குறையும். அதுவே பயிற்சிக்கு மாற்று ஆகிவிடாது. பெரிய இனங்களுக்கு எலும்பு முதிர நாளாகும் என்பதால் எந்த வயதில் செய்வது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கட்டிப்போடுவது நாயை முரடாக்கும். அது சட்டப்படியும் குற்றம். கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராவிட்டால் அது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டத்தின்படி கொடுமை.

கடித்துவிட்டால்...

எத்தனை கவனமாக இருந்தாலும் அந்த நாள் வரலாம். முதல் வேலை நாயைப் பூட்டுவது. இரண்டாவது, கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் வேண்டாம். என் நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று சொல்லி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. தடுப்பூசிச் சான்றின் நகலை டாக்டரிடம் காட்டி, சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்பவர் மீது கோபம் பாதியாகக் குறையும். வாட்ச்மேனிடம் பணம் கொடுத்து வாயை அடைக்கப் பார்ப்பவர், பின்னால் கோர்ட்டில் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பிறருக்கு நேரும் காயத்துக்கு ஈடு தரும் நாய்க் காப்பீடு இந்தியாவிலும் கிடைக்கிறது. எல்லா இனங்களுக்கும் அது பொருந்துமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னும் நாய் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாய்களை வளர்த்து விற்பவர்களுக்கு 2017இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது. பதிவு எண் கேட்டால் விழிப்பவரிடம், தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்கக்கூடாது. தாயின் சுபாவத்தைப் பார்ப்பது குட்டியின் ஜாதகத்தைப் பார்ப்பதைவிட உபயோகமானது.

ஏற்கெனவே வாங்கிவிட்டு முடியாமல் தவிப்பவர்கள் செய்யக்கூடாத ஒன்று உண்டு. இரவோடு இரவாகக் காரில் ஏற்றிப்போய் நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவது. வீட்டில் வளர்ந்த ராட்வீலருக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பசியும் பயமும் சேர்ந்தால் அது கடிக்கும். கடித்ததும் ஊர் திரண்டு அடிக்கும். நாயைக் கைவிடுவது விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 1960இல் நிர்ணயித்த தொகை இது. ஒரு வேளை நாய்த்தீனிகூட அந்தப் பணத்துக்குக் கிடைக்காது. சட்டத்துக்கு அது ஐம்பது ரூபாய்க் குற்றம்தான். எஜமானை நம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நாய்க்கு அது உயிர்.

நாய் வைத்திருப்பவர் சரிபார்க்க வேண்டியவை

• தம் பகுதி மாநகராட்சி அல்லது கன்டோன்மென்ட் போர்டு தந்த, காலாவதியாகாத உரிமம். இனத்தை உள்ளபடி பதிவு செய்திருக்க வேண்டும்.

• ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று. ஒரு நகல் எப்போதும் கையில்.

• அடையாளச் சில்லு, கழுத்துப்பட்டையில் போன் நம்பர்.

• பொது இடத்தில் கூடை வடிவ வாய்க்கவசம், ஆறடிக்கு மேற்படாத வார், அதைப் பிடிக்க நாயை அடக்கும் பலமுள்ள ஒரு பெரியவர். சிறுவர்களிடமோ புதிய வேலையாளிடமோ நாயைக் கொடுத்து அனுப்பக் கூடாது.

• லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்த லிஃப்ட்.

• வீட்டு வாசலில் நாய் இருக்கிறது என்ற பலகை. அது எச்சரிக்கைதான், பொறுப்பிலிருந்து விடுதலை அல்ல.

• ஊர் மாறும் முன் புதிய ஊரின் விதி பற்றிய விசாரணை.